எழுத்துக்களின் இடைவெளியில் தொலையும் பணம்

கடைக்குப் பெயர்ப்பலகை செய்விக்கும்போது பலகை எத்தனை அடி, மின்விளக்கு உண்டா, சதுர அடிக்கு எவ்வளவு என்றெல்லாம் நாம் பேரம் பேசுகின்றோம். பொதி அச்சிடும்போது தாளின் கனத்தையும் நிறத்தையும் தடவிப் பார்த்துக் கேட்கின்றோம். ஆனால் அந்தப் பலகையிலும் பொதியிலும் வாடிக்கையாளர் உண்மையில் வாசிக்கப்போவது எழுத்தை. அந்த எழுத்து எவ்வாறு உருவாகின்றது, யார் அதைச் சரிபார்க்கின்றார்கள், அதன் மூலப் பிரதி யாரிடம் இருக்கின்றது என்று கேட்கும் வியாபாரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எனது நண்பர் ஒருவர் சரக்குத்தூள் பொதி செய்து விற்பவர். மஞ்சள் தூளுக்குப் புதிதாக 5,000 அட்டைப் பெட்டிகள் அச்சிட்டார். வடிவமைப்பாளர் கணனியில் தலைப்பைத் தட்டச்சு செய்து, பெட்டியின் அகலத்தை நிரப்புவதற்காக எழுத்துக்களுக்கு இடையிலான வெளியைச் சற்று இழுத்துவிட்டார். அச்சகத்தில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லை என்பதால் எல்லா எழுத்துக்களையும் அவுட்லைன் ஆக்கி அனுப்பினார். நண்பர் கைத்தொலைபேசியில் வந்த சிறிய படத்தைப் பார்த்து “ஓகே” என்று பதில் போட்டார். அச்சகத்தில் வேலை செய்த எவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெட்டிகள் கடைக்கு வந்திறங்கிய பிறகுதான், பாடசாலைக்குப் போகும் அவரது மகள் கேட்டாள்: “வாப்பா, புள்ளி எல்லாம் ஏன் பக்கத்து எழுத்துல நிக்குது?”

‘ஞ்’ என்ற எழுத்தின் புள்ளி நழுவி ‘ச’வின் தலையில் நின்றது. ‘ள்’ளின் புள்ளி எழுத்தைத் தாண்டி வெளியே போய் வெறுமையில் நின்றது. வடிவமைப்பாளர் “நீங்கள்தானே நானா ஓகே சொன்னீர்கள்” என்றார். அச்சகத்தார் “வந்ததை அடித்தோம்” என்றனர். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. நட்டம் மட்டும் நண்பருடையது.

இது ஒரு கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் இதே பிழையை எமது நகரங்களின் பெயர்ப்பலகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் நாம் அன்றாடம் காண்கின்றோம். ஒரே வகைப் பிழை பல இடங்களில் வருமானால் அதற்கு ஒரே காரணமும் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை விளங்கிக்கொள்வதற்குக் கணனிப் பட்டம் தேவையில்லை. காசு கொடுப்பவர் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு அதை இங்கு பார்ப்போம்.

கோட்டு உருவாக மாறிய எழுத்து

ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உலோகத் துண்டு. பெரிய எழுத்து வேண்டுமென்றால் பெரிய துண்டு வேண்டும். கணனி வந்த தொடக்கத்திலும் இதே நிலைதான். எழுத்து சிறு சிறு புள்ளிகளால் ஆன படமாகச் சேமிக்கப்பட்டது. பெருப்பித்தால் ஓரங்கள் படிக்கட்டுப் போல் உடைந்து தெரியும்.

1985ஆம் ஆண்டு நிலைமை மாறியது. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்ட ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருளும் அவ்வாண்டில் சந்தைக்கு வந்தன. மேசைப் பதிப்பு என்று நாம் இன்று சொல்லும் தொழில் அங்கிருந்துதான் தொடங்கியது. இதில் எழுத்து என்பது புள்ளிப் படம் அல்ல. வளைகோடுகளால் வரையப்பட்ட ஓர் எல்லைக்கோடு. அந்த வளைகோட்டுக் கணிதத்தைப் பிரபலமாக்கியவர் பிரான்ஸின் ரெனோல்ட் கார் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர் பியர் பெசியே. காரின் உடலை வடிவமைக்க அவர் கையாண்ட முறையே எழுத்தின் வளைவுக்கும் பயன்பட்டது. 1991இல் ஆப்பிள் ட்ரூடைப் எழுத்துருக்களை வெளியிட்டது. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் அவை சாதாரணக் கணனிகளுக்கும் வந்து சேர்ந்தன. எமது ஊர் அச்சகங்களின் மேசைகளில் தமிழ் எழுத்துரு வந்து உட்கார்ந்ததும் இந்த வழியால்தான்.

வியாபாரிக்கு இதனால் கிடைத்த நன்மை பெரியது. ஒரே சின்னத்தை விசிட்டிங் கார்டிலும் போடலாம், இருபது அடிப் பலகையிலும் போடலாம்; ஓரம் உடையாது. உங்கள் கடைச் சின்னம் வெறும் புகைப்படக் கோப்பாக மட்டும் உங்களிடம் இருந்தால் இந்த நன்மையை நீங்கள் இழந்துவிட்டீர்கள் என்று பொருள். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த சின்னம் பெரிய பலகையில் மங்கித் தெரிவதற்கு வேறு காரணம் இல்லை.

ஓட்டோ என்ற மந்திரம்

அடுத்தது இடைவெளி. ஆங்கிலத்தில் ‘ஏ’ என்ற பெரிய எழுத்தும் ‘வீ’ என்ற பெரிய எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் இரண்டின் சரிவுகளுக்கு இடையே ஒரு பள்ளம் விழும். அவற்றைச் சற்று நெருக்கினால்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். இதற்குக் கெர்னிங் என்று பெயர். எந்த இரு எழுத்துக்களை எவ்வளவு நெருக்க வேண்டும் என்ற அட்டவணையை எழுத்துருவைச் செய்பவர் அதன் உள்ளேயே எழுதி வைக்கின்றார். முழுச் சொல்லையும் ஒரே அளவாக விரிப்பதோ நெருக்குவதோ ட்ரெக்கிங் எனப்படும்.

1999இல் வெளிவந்த இன்டிசைன் மென்பொருள் ஒரு படி மேலே சென்றது. அட்டவணையைப் பார்க்காமல், எழுத்துக்களின் வடிவத்தை மென்பொருளே அளந்து இடைவெளியைத் தீர்மானிக்கும் ‘ஒப்டிகல்’ முறையை அது தந்தது. பத்தியை இரு ஓரமும் சமப்படுத்தும்போது சொல்லிடை வெளியை 80 வீதத்திலிருந்து 133 வீதம் வரை மாற்றுவதற்கு அது வழமையாகவே அனுமதிக்கின்றது. எழுத்திடை வெளிக்கு வழமையான அளவு பூச்சியம். அதாவது தொடாதே என்பது. ஆனால் அந்தப் பூச்சியத்தை மாற்றும் வசதியும் பக்கத்திலேயே இருக்கின்றது. அவசரத்தில் இருக்கும் வடிவமைப்பாளரின் கை அங்கேதான் போகின்றது.

இந்த வசதிகள் எல்லாம் முதலில் ஆங்கிலம் போன்ற எழுத்துக்களை மனதிற்கொண்டு செய்யப்பட்டவை. அங்கே ஒவ்வோர் எழுத்தும் தனித் தனியாக நிற்கும். இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் வெளியைச் சேர்த்தால் அழகு கூடலாம், குறையலாம். ஆனால் சொல் கெடாது. தமிழ் அப்படியல்ல.

புள்ளி நழுவுவது ஏன்?

எமது நாட்டில் நீண்ட காலமாகப் பாவனையில் இருப்பது பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்கள். அவற்றில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பீ, ஓ ஆகிய நான்கு விசைகளையும் பிறகு அரைப்புள்ளி விசையையும் தட்ட வேண்டும். அந்த அரைப்புள்ளியின் இடத்தில் இருப்பதுதான் எமது புள்ளி. கணனியைப் பொறுத்தவரை ‘ழ’ ஓர் எழுத்து, அதன் மேலுள்ள புள்ளி இன்னோர் எழுத்து. முந்திய எழுத்தின் தலைக்கு மேல் வந்து விழும்படி அந்தப் புள்ளி பின்னோக்கி வரையப்பட்டிருக்கின்றது, அவ்வளவுதான்.

இப்போது எழுத்திடை வெளியைக் கூட்டினால் என்ன நடக்கும்? கணனி ‘ழ’வுக்கும் புள்ளிக்கும் இடையிலும் அதே வெளியைச் சேர்க்கும். புள்ளி வலப்பக்கம் நகரும். கொஞ்சம் கூட்டினால் எழுத்தின் ஓரத்தில் நிற்கும். அதிகம் கூட்டினால் அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். நண்பரின் மஞ்சள் தூளுக்கு நடந்தது இதுவே. கொம்பு, கால், விசிறி என்று தனியாக நிற்கும் குறிகளுக்கும் இதே கதிதான். ‘கெ’ என்பதன் கொம்பு ககரத்தை விட்டு விலகி முந்திய எழுத்துடன் சேர்ந்தது போலத் தோன்றும்.

புள்ளி நழுவாவிட்டாலும் வேறோர் ஆபத்து உண்டு. தமிழில் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று சொற்களே அடங்கும். எழுத்திடை வெளியைக் கூட்டினால் அது சொல்லிடை வெளி போலத் தெரியும். ‘பொருட்கள்’ என்ற சொல் ‘பொருட் கள்’ என்று பிரிந்து நின்றால் அது கண்ணுக்கு என்ன சொல்கின்றது? பன்மையைக் காட்ட வந்த ‘கள்’, போத்தலில் அடைத்து விற்கும் பொருளாக மாறிவிடுகின்றது. ஹலால் உணவு விற்கும் கடையின் வாசலில் இப்படியொரு பலகை தொங்குவதை நாமே விரும்பமாட்டோம்.

அறபு எழுத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அறபில் பெரும்பாலான எழுத்துக்கள் கைகோத்து நிற்பவை. அவற்றுக்கிடையே வெளியைச் சேர்த்தால் சொல்லே உடைந்து போகும். அகலத்தை நிரப்ப வேண்டுமானால் எழுத்துக்களை இணைக்கும் கோட்டை நீட்டுவதே அறபின் மரபு; அதற்குக் கஷீதா என்று பெயர். அறபு எழுத்தைக் கையாளத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துக்கள் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாக வரும். திருமண அழைப்பிதழின் தலைப்பில் இது நேர்வதைப் பார்த்திருக்கின்றோம். அச்சகத்தில் அதை வாசிக்கக்கூடியவர் இல்லையென்றால் பிழை என்றே எவருக்கும் தெரியாது.

அவுட்லைன்: மருந்தும் அதுவே, நோயும் அதுவே

இனி அவுட்லைனுக்கு வருவோம். கோரல் ட்ரோவில் கண்ட்ரோல் கியூ, இன்டிசைனில் கிரியேட் அவுட்லைன்ஸ். பெயர் வேறு, வேலை ஒன்று. தட்டச்சு செய்த எழுத்து வெறும் வரைபடமாக மாறுகின்றது. அதன் பின்னர் கணனிக்கு அது எழுத்து அல்ல.

அச்சகத்தார் இதை வற்புறுத்துவதில் நியாயம் உண்டு. வடிவமைப்பாளரின் எழுத்துரு அச்சகத்தின் கணனியில் இல்லாவிட்டால் வேறோர் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். பழைய முறைத் தமிழாக இருந்தால் முழு விளம்பரமும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் காட்சி தரும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கும் பலகைக்கு எழுத்து வெட்டும் இயந்திரத்துக்கும் வெட்டுவதற்குக் கோடு தேவை; அங்கே அவுட்லைன் இல்லாமல் வேலையே நடக்காது.

ஆனால் வெட்டும் இயந்திரத்திலும் ஒரு பொறி இருக்கின்றது. அறபில் அடுத்தடுத்த எழுத்துக்கள் ஒன்றன் மேல் ஒன்று சற்று ஏறி நிற்கும். தமிழில் சில உயிர்க்குறிகளும் அவ்வாறே. திரையில் ஒரே கறுப்பாகத் தெரிவதால் கண்ணுக்குப் படாது. இயந்திரம் ஒவ்வொன்றின் எல்லையையும் தனித்தனியே வெட்டும்போது மூட்டில் குறுக்காக வெட்டு விழும். வெட்டுவதற்கு முன் அவற்றை ‘வெல்ட்’ செய்து ஒரே வடிவமாக இணைக்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய வேலை இது.

என் கருத்தில் பெரிய பிரச்சினை இதைவிட வேறு. அவுட்லைன் ஆக்கும்போது எழுத்துடன் சேர்ந்து பிழையும் உறைந்து போகின்றது. அதன் பிறகு ஒரு புள்ளியைத் திருத்துவதற்கும் வரைய வேண்டும். பல வடிவமைப்பாளர்கள் அவுட்லைன் ஆக்கிய கோப்பையே சேமித்து வைக்கின்றார்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பின் மேலேயே அதை எழுதிவிடுகின்றார்கள். வாடிக்கையாளரிடமும் அதுவே கொடுக்கப்படுகின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டோம். டொலர் ஏறியது, தாள் தட்டுப்பாடு வந்தது, விலைகள் கிழமைக்குக் கிழமை மாறின. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. விலைப்பட்டியலிலும் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலும் வீதத்தை அச்சிட்டு வைத்திருந்தவர்கள் அதை மாற்ற வேண்டியிருந்தது. மூலக் கோப்பு கையில் இருந்தவருக்கு அது ஓர் இலக்கத்தை மாற்றும் ஐந்து நிமிட வேலை. அவுட்லைன் மட்டும் இருந்தவருக்கு மறுபடியும் தட்டச்சு, மறுபடியும் வடிவமைப்பு, மறுபடியும் கட்டணம். புதிதாகத் தட்டும்போது புதிய பிழைகளும் இலவசம்.

சிறிய எழுத்துக்களிலும் கவனம் வேண்டும். எழுத்துருவுக்குள் சிறிய அளவில் தெளிவாகத் தெரிவதற்கான குறிப்புகள் உள்ளன. அவுட்லைன் ஆக்கும்போது அவை தொலைகின்றன. சாதாரண அலுவலக லேசர் அச்சுப்பொறியில் உள்ளடக்கம், காலாவதித் திகதி போன்ற பொடி எழுத்துக்கள் தடித்து அடைபட்டு வருவதற்கு இது ஒரு காரணம். அதேபோல் அவுட்லைன் ஆக்கிய விலைப்பட்டியலை இணையத்தில் ஏற்றினால், அதிலுள்ள உங்கள் பொருளின் பெயர் தேடுபவரின் தேடலில் எழுத்தாக அகப்படாது.

இதற்கெல்லாம் மாற்று வழி இருக்கின்றது. பிடிஎஃப் கோப்பில் எழுத்துருவையே உள்ளே பொதிந்து அனுப்பலாம். எழுத்து எழுத்தாகவே இருக்கும், அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அவுட்லைன் ஆக்குவது பழைய பழக்கம். பலகைக்கும் ஸ்டிக்கருக்கும் சின்னத்துக்கும் அது வேண்டும். துண்டுப் பிரசுரத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் பெரும்பாலும் தேவையில்லை.

முதலாளி கேட்க வேண்டியவை

நான் எவரது தொழிலையும் குறை கூற வரவில்லை. எமது வடிவமைப்பாளர்களில் பலர் குறைந்த கூலிக்கு, மூன்று மொழிகளில், நேற்றே தர வேண்டிய வேலையை இன்று செய்பவர்கள். அவர்களிடம் நாம் எதைக் கேட்கின்றோமோ அதையே அவர்கள் தருவார்கள். நாம் விலையையும் நாளையும் மட்டும் கேட்டால் விலையும் நாளும் மட்டுமே கிடைக்கும். ஆகவே ஓடர் கொடுக்கும்போதே பின்வருவனவற்றைப் பேசிக்கொள்வது நல்லது.

முதலாவது, வாசகங்களை யுனிகோட் தமிழில் நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள். இன்று கைத்தொலைபேசியிலேயே அதைச் செய்யலாம். யுனிகோட் எழுத்துருவில், அதைச் சரியாகக் கையாளும் மென்பொருளில், புள்ளியும் குறியும் தமது எழுத்துடன் ஒட்டியே நகரும். இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பத்தியமைப்பு முறையைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதை வடிவமைப்பாளருக்கு நினைவூட்டுங்கள். இல்லாவிட்டால் கொம்புகள் இடம் மாறும்.

இரண்டாவது, தமிழிலும் அறபிலும் எழுத்திடை வெளியைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். அகலம் நிரம்பவில்லை என்றால் எழுத்தைப் பெருப்பிக்கலாம், வேறு எழுத்துருவைத் தெரிவு செய்யலாம், இரண்டு வரியாக்கலாம். ஒடுங்கிய பத்தியை இரு ஓரமும் சமப்படுத்தாமல் இடது ஓரம் மட்டும் ஒழுங்காக விட்டால் எதுவும் குறைந்துவிடாது.

மூன்றாவது, புரூப்பைத் தாளில் கேளுங்கள். அதுவும் அவுட்லைன் ஆக்கிய பிறகு எடுத்த புரூப்பாக இருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தது அச்சுக்குப் போகும் கோப்பைக் காட்டாது. ஒவ்வொரு மொழியையும் அந்த மொழி தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். தமிழை நீங்கள் வாசியுங்கள். சிங்களத்தைச் சிங்களம் நன்கு தெரிந்தவரிடம் கொடுங்கள். அறபை மௌலவி ஒருவரிடம் காட்டுங்கள். தாளில் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பிறகு யார் பொறுப்பு என்ற தர்க்கத்துக்கு இடமிருக்காது.

நான்காவது, இரண்டு கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: அச்சுக்குப் போன கோப்பு ஒன்று, திருத்தக்கூடிய மூலக் கோப்பு மற்றையது. மூலக் கோப்பைக் கொடுக்கச் சில வடிவமைப்பாளர்கள் மேலதிகக் கட்டணம் கேட்பார்கள். அது நியாயமானது, அவரது உழைப்பு அதில் இருக்கின்றது. ஆனால் அதைத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். அத்துடன் எந்த எழுத்துரு பயன்பட்டது என்பதையும் எழுதி வாங்குங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய எழுத்துருவாக இருந்தால் அதன் உரிமம் யாரிடம் என்பதையும் கேளுங்கள். களவாடிய எழுத்துருவில் எமது கடையின் பெயர் எழுதப்படுவது எமக்கு அழகல்ல.

பழைய கோப்புகள் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்தியது. அந்த வகையில் செய்த உங்கள் பழைய சின்னமும் பொதியும் இன்றைய கணனியில் திறக்காமல் போகலாம். அவற்றைத் திறக்கக்கூடிய பழைய கணனி எங்காவது இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய முறைக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஈய அச்சுக் காலத்தில் அச்சுக்கோப்பவர் எழுத்துக்களைக் கையால் அடுக்கினார். இடைவெளி போதாவிட்டால் மெல்லிய ஈயத் தகட்டைச் செருகினார். தான் அடுக்குவதை அவர் வாசித்தார். அந்த வாசிப்புத்தான் இன்று எமது தொழிலில் காணாமற் போயிருக்கின்றது. வடிவமைப்பாளர் கணனி பார்த்துக்கொள்ளும் என்கின்றார், அச்சகத்தார் வடிவமைப்பாளர் பார்த்திருப்பார் என்கின்றார், வியாபாரி இருவரும் பார்த்திருப்பார்கள் என்று நம்புகின்றார். வாசிக்கும் முதல் ஆள் வாடிக்கையாளராக இருக்கின்றார்.

எனது நண்பர் அந்த 5,000 பெட்டிகளிலும் சரியான எழுத்துடன் ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார். வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஒட்டி முடிக்கப் பல இரவுகள் சென்றன. இப்போது அவரது புரூப் தாளில் முதலில் கையொப்பமிடுபவர் அவரது மகள்.